பின் சீட்டில் ஒரு முடிச்சு

என் அக்கா புருஷன் வால்டர் மாமா துறைமுகத்தில் சீல் பார்க்கிற வேலையில் இருந்தவர். கண்டெய்னர் லாரி கேட்டுக்கு வந்து நிற்கும். அதன் கதவில் மாட்டியிருக்கிற சீல் அறுபடாமல் இருக்கிறதா, யாராவது நோண்டியிருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பார்த்து அனுப்ப வேண்டும். உள்ளே என்ன சரக்கு என்பது அவர் கவலை இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கதவுகளை மட்டுமே பார்த்தவர், மனிதர்களையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டார்.

ரிட்டயர் ஆன பிறகு கண்டெய்னர் இல்லை. எங்கள் வீடு மாட்டிக்கொண்டது. குவைத்தில் இருக்கும் அவர் மகள் கரோலின் விட்டுப்போன சிவப்பு நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்க ஆரம்பித்தார். கேஸ் சிலிண்டர் மூடியில் ஒரு பொட்டு, தண்ணீர் மோட்டார் ஸ்க்ரூவில் ஒரு பொட்டு, கிறிஸ்துமஸ் கேக் டப்பா மூடியும் டப்பாவும் சேர்கிற இடத்தில் ஒரு பொட்டு. பொட்டு விரிசல் விட்டிருந்தால் அன்றைக்கு விசாரணை நடக்கும். "கேக்கு தின்னது யாரு?" என்று அவர் கேட்கும்போது என் அக்கா ஜானட், "நான்தான் தின்னேன், தூக்குல போடு" என்பாள். மாடியில் குடியிருக்கும் நான் அந்த வீட்டில் எதைத் தொடுவதற்கும் யோசிப்பேன். நாற்பத்தெட்டு வயதில் கேக் திருடன் என்று பெயர் வாங்க எனக்கு என்ன தலையெழுத்து?

இந்த மனிதர் நம்பிய ஒரே குடும்பம் எதிர்வீட்டுக் கோதண்டம் குடும்பம். கோதண்டம் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கியவர். அவர் மனைவி புஷ்பவல்லி மாமாவை வாய் நிறைய "அண்ணே" என்று கூப்பிடுவாள். அவர்கள் மகள் மாயா பிறந்ததே மாமாவின் அம்பாசிடர் காரில்தான். புஷ்பவல்லிக்கு வலி வந்ததும் ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். மாமா ஓட்டினார். நான் முன் சீட்டில், அக்கா பின்னால் புஷ்பவல்லியோடு. ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி வந்து நின்றது, நின்றது, நகரவே இல்லை. கேட் திறப்பதற்குள் பின் சீட்டில் குழந்தை அழுதுவிட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் எங்கள் மாமா ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதார். இந்தக் கதையை அவர் சொல்லாத கல்யாணம் இல்லை, சாவு இல்லை.

இப்போது மாயா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மாமா தெருவுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார்.

"பொறந்த சீட்டுல குந்தினுதான் பொண்ணு மண்டபத்துக்குப் போவணும். வேற வண்டி பேசினா கோதண்டம், உனுக்கும் எனக்கும் பேச்சில்ல."

"ஐய, வேற வண்டி எதுக்கு மாமு? நம்ம வண்டி கீதே!" என்றார் கோதண்டம்.

வண்டி இருந்தது. உள்பக்கம்தான் நாசமாக இருந்தது. கடல் காற்றில் கதவு உள்பக்கத்து அட்டை ஊறி உப்பி, மேல் ரெக்சின் வாழைத்தோல் மாதிரி உரிந்து தொங்கியது. கூரைத் துணி ஒட்டு விட்டு இறங்கி, பின்னால் உட்காருகிறவர் தலையில் முக்காடு போட்டது. பின் சீட்டு ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக உதிர்ந்து, அடியில் தென்னை நாரும் ஸ்ப்ரிங்கும் எட்டிப் பார்த்தன. சீட் வேலை செய்கிற கடைக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.

"கடையில உட்டா ஒரிஜினல் ஸ்ப்ரிங்க கழட்டினு டூப்ளிகேட் மாட்டிருவான். நானே செய்றேன்" என்றார்.

யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அதையும் நம்பிப் பார்க்கவில்லை. "இவன் இந்த சொல்யூஷனே வாங்குன்றான் பாரு. கம்பெனிக்காரன் ஆளு" என்று சொல்லிவிட்டு பஞ்சர் கடை சொல்யூஷனில்தான் கூரைத் துணியை ஒட்டினார். மத்தியான வெயிலில் அது மொத்தமாக அவிழ்ந்து அவர் முகத்தின் மேலேயே விழுந்தது. அக்கா சிரித்த சிரிப்பில் தண்ணீர்க் குடம் கவிழ்ந்தது. அதற்குப் பிறகு வழிக்கு வந்து, யூடியூப்காரன் சொன்ன சொல்யூஷனையே வாங்கிக் கூரையை மறுபடி ஒட்டினார். புதுப்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கதவு அட்டைக்குக் கிளிப்புகள் வாங்கினார். பழைய அட்டையைக் கீழே வைத்துப் புது ஹார்டுபோர்டில் அளவு கோடு போட்டு அறுத்தார். கரோலினின் முடி காய வைக்கிற மெஷினால் ரெக்சினைச் சூடாக்கி, மூலையில் சுருக்கம் விழாமல் இழுத்து மடித்தார். நல்ல கைவேலைதான், ஒத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஸ்க்ரூவை இறுக்கியதும் ஒரு சிவப்புப் பொட்டு.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. பின் சீட்டைக் கழற்றித் தெருவில் போட்ட அன்று புஷ்பவல்லி வந்து நின்றாள்.

"அண்ணே, பழைய சீட்டுல கீற நாரு, பஞ்சு எல்லாம் தூக்கிப் போட்டுறாதீங்க. என்கிட்ட குடுங்க."

"அத வெச்சினு இன்னா பண்ணப் போற?"

"இன்னாவோ பண்றேன். குடுங்களேன்" என்று சிரித்துவிட்டுப் போனாள். போகும்போது சாய்த்து வைத்திருந்த சீட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மாமா கையில் இருந்த கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

"நோயலு, இவ எப்பவுமே வண்டியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினுதான போறா?"

யோசித்துப் பார்த்தேன். ஆமாம். மார்க்கெட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் பின் கதவைத் தொடாமல் அவள் போனதில்லை. பல வருஷமாகப் பார்க்கிறோம், ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. "அதுனால இன்னா?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல" என்றார். அவர் 'ஒண்ணும் இல்ல' என்று சொன்னால் விசாரணை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

மறுநாள் சீட்டின் தையலைப் பிரித்தார். சாய்வும் இருக்கையும் சேர்கிற மூலையில், நாருக்கு உள்ளே ஆழமாகத் திணித்து வைத்திருந்த ஒரு சின்ன முடிச்சு கிடைத்தது. மஞ்சள் துணி, கறுத்துப் போயிருந்தது. கறுப்புக் கயிற்றால் இறுக்கிச் சுற்றி மூன்று முடிச்சு போட்டிருந்தது. கட்டைவிரல் பருமன்கூட இல்லை.

மாமா அதைக் கையால் தொடவில்லை. இடுக்கியால் எடுத்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, டார்ச் அடித்து, துறைமுகத்தில் சீல் பார்த்த மாதிரியே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம கோயில்ல குடுத்தது இல்ல. மூணு முடிச்சு. மஞ்சத் துணி. கறுப்புக் கயிறு." குரல் இறங்கிவிட்டது. "செய்வினைடா."

"தொறந்து பாரேன்யா" என்றாள் அக்கா.

"தொறக்கக் கூடாது. தொறந்தா எவிடென்ஸு போய்டும்."

பிஸ்கட் டின் ஒன்றைக் காலி செய்து முடிச்சை உள்ளே போட்டு மூடி, நான்கு பக்கமும் சிவப்புப் பொட்டு வைத்தார். மேலே மாதா கோயில் தீர்த்தம் தெளித்தார். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டார். முழங்கால் வலி எப்போது ஆரம்பித்தது? அக்காவுக்கு ஆபரேஷன் ஏன் வந்தது? கரோலின் முன்பெல்லாம் தினமும் பேசுவாளே, இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன்? எல்லாத் துன்பத்துக்கும் அந்த டின்னுக்குள் பதில் கிடைத்துவிட்டது. கரோலின் வெளிநாடு போனதில் புஷ்பவல்லிக்கு வயிற்றெரிச்சல் என்றார். பஞ்சையும் நாரையும் அவள் ஏன் கேட்டாள்? மாட்டிக்கொள்ளாமல் எடுத்துவிடத்தான் என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அதை விடக் கேவலம், அடுத்த இரண்டு நாளில் நானும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். எதிர்வீட்டு நிலையில் எலுமிச்சம்பழம் கட்டியிருக்கிறது. எத்தனையோ வருஷமாகத்தான் கட்டியிருக்கிறது, அன்றைக்கு அது என்னையே பார்ப்பது போல இருந்தது. புஷ்பவல்லி கொண்டு வந்து கொடுத்த மீன் குழம்பை அக்கா சூடு பண்ணினாள். நான் பசிக்கவில்லை என்றேன். அந்தக் குழம்பு வாசனை மாடி வரைக்கும் வந்து என்னைக் கூப்பிட்டது, நான் போகவில்லை. சந்தேகம் ஒட்டுவாரொட்டி வியாதி. மணலி ஆலைப் புகை சாயங்காலம் காற்றோடு வீட்டுக்குள் வருகிற மாதிரி, ஜன்னல் சாத்தியும் வந்துவிடுகிறது.

ஒரு முடிச்சு இருந்தால் இன்னொன்றும் இருக்கும் என்று மாமா தீர்மானித்தார். தன் கையால் ஒட்டிய கூரைத் துணியைத் தானே கிழித்தார். தானே செய்து மாட்டிய கதவு அட்டைகளைக் கிளிப்பு தெறிக்கப் பிடுங்கினார். தரைவிரிப்பைச் சுருட்டி எறிந்தார். டாஷ்போர்டுக்கு அடியில் கை விட்டு ஒயர் எல்லாவற்றையும் தடவினார். இரண்டு வாரம் பார்த்த வேலை ஒரு பகலில் குப்பையாகத் தெருவில் கிடந்தது. எதுவும் கிடைக்கவில்லை. அதுவும் அவருக்குச் சாட்சியாகிவிட்டது. "ஒண்ணுதான் வெச்சிருக்கா. அவ்ளோ ஸ்ட்ராங்கு."

அதற்குப் பிறகுதான் டீக்கடையில் அந்தப் பேச்சு நடந்தது. நானும் இருந்தேன். கோதண்டம் கல்யாண வேலைச் சந்தோஷத்தில், "இன்னா மாமு, வண்டி ரெடியா?" என்று தோளில் கை போட்டார். மாமா அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டார்.

"வண்டி வராது."

"ஏன், இன்னா ஆச்சு?"

"ஏன்னு உன் பொண்டாட்டியக் கேளு. என் வண்டில வேலை வெச்சவ அவதான்."

"இன்னா வேலை?"

"சூனிய வேலை. எவிடென்ஸு கீது. டைம் வரும்போது காட்டுறேன்."

கோதண்டம் டீ கிளாஸோடு ஒரு அடி முன்னால் வந்தார். மூட்டை தூக்கிய உடம்பு, ஒரு அறை விட்டிருந்தால் மாமா எழுந்திருக்க மாட்டார். அவர் அடிக்கவில்லை. "எம்பொண்ணு பொறந்தப்ப அழுதியே வால்ட்டரு. நான்கூட அழல. அந்த வாயாடா இது?" என்றார். கிளாஸை வைத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே வேறு கார் பேசிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

புஷ்பவல்லி சண்டைக்கு வருவாள் என்று அக்கா வாசலில் காத்திருந்தாள். வரவில்லை. மார்க்கெட்டுக்குப் போகும்போது எதிர் ஓரமாக நடந்தாள், வண்டியைத் தொடவில்லை. "பாத்தியா, மாட்னதும் தொடறத நிறுத்திட்டா" என்றார் மாமா. அன்று ராத்திரி சோறு போடும்போது அக்கா தட்டை டொம்மென்று வைத்தாள்.

"அந்தப் பொம்பள அன்னிக்கு என் கையப் புடிச்சினு பெத்தா. நகம் பதிஞ்ச தழும்பு இன்னும் கீது. நீ ரோட்டப் பாத்துனு இருந்த. நான்தான் அவளப் பாத்துனு இருந்தேன். அவ அப்டி செய்யமாட்டா."

மாமா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது மாயா வந்தாள். நலங்கு வைத்த மஞ்சள் முகத்தோடு தெருவைத் தாண்டி நேராக வீட்டுக்குள் நுழைந்தாள். பின்னால் அவள் அத்தை யாரோ "பொண்ணு வெளிய போவக் கூடாது!" என்று கத்தியதை அவள் காதில் வாங்கவில்லை.

"மாமா, எங்கம்மா எதையோ வெச்சாங்கன்னீங்களாமே. எங்க, காட்டுங்க."

"உங்கம்மா இன்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்றாங்க. அவரையே கேட்டுக்கோன்றாங்க. எடுங்க."

மாமா டின்னைக் கொண்டு வந்தார். "தொறக்காதம்மா, கல்யாணப் பொண்ணு..." என்று அவர் சொல்வதற்குள் அவள் மூடியைத் திருகிவிட்டாள். நான்கு பொட்டும் தெறித்தன. கறுப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். எங்கள் மாமா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். நானும்தான், ஏன் மறைக்க வேண்டும்?

துணிக்குள் ஒரு வசம்புத் துண்டு இருந்தது. ஒரு பழைய பிளாஸ்டிக் கிளிப்பு. அந்தக் கிளிப்பின் பல்லில் காய்ந்து கறுத்துச் சுருங்கிய வத்தல் மாதிரி ஏதோ ஒன்று.

மாயா அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இது தொப்புள் கொடி மாமா. நாங்க டெய்லி குழந்தைங்களுக்குப் போடுற கிளிப்பு. இது என்னுது."

தெருவில் பால்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். மாமா நாற்காலியைத் தேடிக் கையால் துழாவினார், அக்கா தள்ளிக் கொடுத்தாள். உட்கார்ந்து, அன்றைக்கு ஸ்டியரிங்கில் கவிழ்ந்த மாதிரியே கவிழ்ந்தார். "தப்புப் பண்ணிட்டேன். பாவி, நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று அழுதார். முப்பது வருஷம் கதவை மட்டும் பார்த்து அனுப்பிய மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாக உள்ளே இருந்ததைப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்ப் பாவமாக இருந்தது. எனக்கு என் மேல்தான் கோபம் வந்தது, அந்த மீன் குழம்புக்காக.

"அப்ப வண்டி?" என்று மாயா கேட்டாள்.

வண்டியை எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். வெறும் தகரக் கூடு நின்றது.

"வேற வண்டிக்கு அப்பா அட்வான்ஸ் குடுத்துட்டாரு மாமா. இனிமே நான் சொன்னாலும் அவரு கேக்கமாட்டாரு" என்றாள். கிளிப்பையும் வசம்பையும் பழைய துணியிலேயே மடித்து அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள். தன்னோடு எடுத்துப் போகவில்லை.

அதற்குப் பிறகு மாமா மூன்று நாளும் பின் சீட்டை விட்டு நகரவில்லை. கதவு, கூரை எதையும் தொடவில்லை, அதற்கு நேரமும் இல்லை. ஸ்ப்ரிங்கைத் துருப்பிடித்த இடத்தில் தேய்த்து எண்ணெய் போட்டார். புது ஸ்பாஞ்சுக்கு அடியில் பழைய நாரையே உதறிப் பரப்பினார். அக்கா தையல் மெஷினில் மெரூன் ரெக்சினைத் தைத்துக் கொடுத்தாள். நான் இழுத்துப் பிடித்தேன், அவர் ஆணி அடித்தார். யார் உட்காரப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. எதிர்வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்று அக்கா தினமும் சொன்னாள். "எந்த மூஞ்ச வெச்சினு போறது?" என்று அவரும் தினமும் சொன்னார்.

பெண் மண்டபத்துக்குக் கிளம்புகிற சாயங்காலம் தெரு முழுக்க மேளச் சத்தம். பூ ஒட்டிய வெள்ளைக் கார் கோதண்டம் வாசலில் நின்றது. உறவுக்காரர்கள் ஏற ஒரு வேன். எங்கள் அம்பாசிடர் கதவுக்கு அட்டை இல்லாமல், கூரைக்குத் துணி இல்லாமல், பின்னால் மட்டும் புத்தம் புது மெரூன் சீட்டோடு எங்கள் வாசலில் நின்றது. மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா முன்னாலேயே வேனில் ஏறிவிட்டாள்.

மாயா வெள்ளைக் காரில் ஏறும்போது எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கையை ஆட்டினாள். கார் போய்விட்டது. கோதண்டம் எங்களைப் பார்க்காமல் வேனில் ஏறினார். வேனும் கிளம்பியது. "போவட்டும், நாம பின்னாடி போலாம்" என்று மாமா சாவியைத் திருகினார்.

பின் கதவு திறந்தது. பட்டுப் புடவையும் கையில் சீர்த் தட்டுமாகப் புஷ்பவல்லி ஏறி உட்கார்ந்தாள். மாமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"வேன்ல எடம் இல்லியாம்மா?" என்று நான்தான் கேட்டேன்.

"கீது. ஓட்டுங்கண்ணே, நல்ல நேரம் போய்னு கீது."

வண்டி நகர்ந்தது. வெறும் தகரக் கதவுகள் கடகடவென்று ஆடின. ரயில்வே கேட்டுக்கு வந்தோம். வெள்ளைக் காரும் வேனும் தாண்டியிருந்தன, எங்கள் முகத்துக்கு நேரே கேட் இறங்கியது. கூட்ஸ் வண்டி வந்தது, ஊர்ந்தது.

மாமா இன்ஜினை அணைத்தார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். "புஷ்பா, என்னை மன்னிச்சிரும்மா."

தட்டை மடியில் இருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்தாள்.

"வூட்ல பொறந்த புள்ளைக்கு வாசல்ல பொதைப்போம்ணே. புள்ள எங்க போனாலும் அந்த எடத்துக்கு வரும்னு எங்கம்மா சொல்லுவாங்க. இவ வண்டில பொறந்தா. வண்டில எங்க பொதைக்கிறது? அதான் சீட்டுல சொருகினேன். உங்க கையில சொல்ல வெக்கமா இருந்துச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க கேக்கல. நேரா சூனியக்காரின்னுட்டீங்க. அதுக்கு மேல வந்து நான் இன்னாத்த சொல்றது? இந்தப் பொழப்பு எனுக்கு எதுக்குன்னு அன்னிக்கு அழுதேன் தெரியுமா?"

மாமா தலையை ஆட்டினார். கண்ணைத் துடைக்கவில்லை.

கூட்ஸ் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தடதடத்துப் போயின. அவள் கை சீட்டின் மூலையை, சாய்வும் இருக்கையும் சேர்கிற இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"எங்க வெச்சீங்க?"

"எடுத்த எடத்துலயே."

"பொட்டு வெச்சீங்களா?"

"இல்லம்மா" என்றார் மாமா. "வெக்கல."

அவள் அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கடைசிப் பெட்டி போனது. "கேட்டு தொறந்துட்சு, போங்கண்ணே" என்றாள்.